ஏழாவது பாடம்

கொஸ்கி ஏரி
மிஷிகன் மேல் தீபகற்பம்
மார்ச் 6

அன்புள்ள ரூடி அண்ணா,

இங்கே நானும் ஆரோவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். வீட்டுக்காரர் எர்னிக்கு முதுகுவலி பரவாயில்லை, இன்னும் மூன்று வாரத்தில் இரும்புத்தாதுக் கப்பல் வேலைக்கு ஏறிவிடுவார், பிறகு ஜனவரிக்குத்தான் வீடு. நீ எப்படி இருக்கிறாய்? இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை பழையபடி மறந்துபோகிறாயா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஐடா போனதிலிருந்து போனில் யார் குரலைக் கேட்டாலும் எனக்கு அழுகை வருகிறது, இல்லையென்றால் கத்தத் தோன்றுகிறது. எழுதினால் கொஞ்சம் அடங்கிப் பேச முடிகிறது.

ஜனவரியில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். "லான்சிங்கில் வேலை" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கதவில் செருகிவிட்டுப் போனாய். நவம்பரில் அன்று ஐடாவை உன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேட்டைக்காரர் விருந்துக்குப் போனவன் நீ. ஆரோவுக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டில் இருந்துவிட்டேன். அங்கே என்ன நடந்தது என்று நீயாகச் சொல்வாய் என்று நான்கு மாதமாகக் காத்திருக்கிறேன். கேட்கவும் பயமாக இருக்கிறது.

விருந்து நடந்த தீயணைப்புக் கூடத்தை இன்னும் திறக்கவில்லை. சுவரில் தோட்டா பட்ட இடங்களைப் பூசிவிட்டார்களாம். செத்த ஐந்து பேர் படத்தையும் மாட்டப்போகிறோம் என்று ஐடாவின் படம் கேட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எடுத்ததைக் கொடுத்தேன்.

ஒரு விஷயம். செப்டம்பரில் ஆரோவுக்குப் பதினாலு. அப்பாவுடைய ரைஃபிளைக் கேட்கிறான். "பேரன் கைக்குப் போகும்வரை நீ வைத்திரு" என்றுதானே அப்பா உன்னிடம் கொடுத்தார்? பெண்ணைத் துப்பாக்கிக்குக் கொடுத்தவள் மகன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பாளா என்று பாலத்துக்குத் தெற்கே நகரங்களில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். நானும் அவனோடு ஒரு மாதம் சண்டை போட்டேன். "அக்காவுக்கும் எனக்கும் தாத்தா கதை சொன்ன துப்பாக்கிம்மா அது" என்கிறான். வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
உன் தங்கை ஹெல்மி

*

லான்சிங்
ஏப்ரல் 2

அன்புள்ள ஹெல்மிக்கு,

நான் நலம். மாத்திரை போடுகிறேன். எர்னி கிளம்பியிருப்பார், ஆரோவை நன்றாகப் பார்த்துக்கொள்.

பேசாமல் வந்தது தப்புதான். அங்கே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. ஷெரீஃப் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். அன்று நடந்ததை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் படிக்கிறேன். விசாரணை அறிக்கை நானூறு பக்கம். பிழைத்த அறுபத்திரண்டு பேரில் நாற்பது பேரிடம் போனில் பேசிவிட்டேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் எந்தப் பக்கம் ஓடினார்கள், எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டிருக்கிறேன்.

அதிலிருந்து ஒரு சிறு புத்தகம் எழுதியிருக்கிறேன். "உயிர் பிழைக்கப் பதினொரு பாடங்கள்." தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். எந்த இடத்துக்குப் போனாலும் வெளியே போகும் வழி இரண்டைப் பார்த்து வை, கதவைப் பார்த்து உட்கார், போனைச் சத்தமில்லாமல் வை, இடுப்பு வாரால் இரத்தத்தைக் கட்டுவது எப்படி, போலீஸ் வந்தால் வெறுங்கையைத் தூக்கிக் காட்டு, இப்படி. ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே ஓர் உயிரைக் காப்பாற்றினாலும் ஐடா வீணாகப் போகவில்லை என்று ஆகும்.

அன்புடன்,
ரூடி

*

கொஸ்கி ஏரி
ஏப்ரல் 9

ரூடி அண்ணா,

சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், புத்தகம் எழுதுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே.

அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். ஏழாவது பாடம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன், படி.

"மேசைக்கு அடியில் ஒளியாதே. அன்று பச்சை ஸ்வெட்டர் அணிந்த பதினாறு வயதுப் பெண் மேசைக்கு அடியில் புகுந்தாள். சமையலறைக் கதவு பதினான்கு எட்டு தூரம்தான். ஓடியிருந்தால் பிழைத்திருப்பாள்."

எழுத உனக்குக் கை கூசவில்லையா? அந்தப் பச்சை ஸ்வெட்டர் நான் பின்னியது. இரண்டு குளிர்காலம் பின்னினேன். அவள் உன் தோளில் ஏறி வளர்ந்த பெண். அவளுக்குப் பேர் இருக்கிறது. பேரை விட்டுவிட்டு ஸ்வெட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, தப்பு செய்தவள் எப்படிச் செத்தாள் பார் என்று ஊர் ஊராகக் காட்டுகிறாயா? முன்பின் தெரியாத ஆட்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு "அய்யோ பாவம், முட்டாள் பொண்ணு" என்று உச்சுக்கொட்டுவார்கள், நீ பலகையில் கோடு போட்டுக் காட்டுவாய்.

அந்தப் பாடத்தை எடு. சமாதானம் எதுவும் வேண்டாம். எடு.

துப்பாக்கியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஆரோ கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஹெல்மி

*

லான்சிங்
மே 5

அன்புள்ள ஹெல்மி,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பேர் போடாததே உனக்காகத்தான். ஆனால் பாடம் பாடம்தான். மேசைக்கு அடியில் போனவர்கள் நான்கு பேர், அதில் மூன்று பேர் இறந்தார்கள். சமையலறை வழியாக ஓடிய இருபத்தாறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இந்தக் கணக்கை நான் மறைத்தால் நாளைக்கு இன்னொருத்தி மேசைக்கு அடியில் போவாள். நீ தாயாகப் பார்க்கிறாய், நான் விசாரித்தவனாகப் பார்க்கிறேன். இருவரில் ஒருவர் கண்ணீர் விடாமல் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அப்பாவின் ரைஃபிள் துருப்பிடித்திருந்தது, ஒரு துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன். நாளாகும். ஆரோவுக்கு வேறு நல்லதாக ஒன்று வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
ரூடி

*

கொஸ்கி ஏரி
மே 22

ரூடி,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். பனி முழுக்க உருகி, கொசு வந்துவிட்டது.

நீ விசாரித்தவனாகப் பார்த்தாயா? நானும் போய்ப் பார்த்தேன். எல்மாதானே கூடத்தின் சமையல்காரி, சாவி அவளிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் இரண்டு பேரும் போனோம். நீ வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐடாவின் மேசை இருந்த இடத்தில் நின்று நடந்தேன்.

இருபத்திரண்டு எட்டு. மூன்று தரம் நடந்தேன், மூன்று தரமும் இருபத்திரண்டு. எல்மா சொன்னாள்: "ஏண்டி மூச்சு வாங்க நடக்குற? பதினாலு எட்டுன்னா அது ஆறடி ஆம்பள காலு. ரூடி காலு." ஐடா என் உயரம்தான். நீ உன் காலால் அளந்து என் பெண்ணைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறாய்.

இன்னொன்றும் எல்மா சொன்னாள். அதை இதுவரை நான் யோசிக்கவே இல்லை, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அவ பயந்து ஒளியல ஹெல்மி. சொல்லிக் குடுத்ததச் செஞ்சா. வருஷா வருஷம் அக்டோபர்ல ஸ்கூலுக்கு உடுப்பு மாட்டிக்கிட்டு வந்து யாரு சொல்லிக் குடுத்தது? வெளக்க அணை, மேசைக்கு அடியில போ, மூச்சுக் காட்டாதன்னு. எம் பேத்திக்கும் அதேதான். இன்னிக்கும் இடி இடிச்சா மேசைக்கு அடியில போறா."

நீதான் ரூடி. மூன்றாம் வகுப்பில் எல்லாரையும்விடச் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் இருந்தாள் என்று நீயே அவள் கையில் தங்க நட்சத்திரம் ஒட்டினாய். இரண்டு நாள் குளிக்கமாட்டேன் என்றாள், நட்சத்திரம் போய்விடுமாம். அந்தப் பாடத்தையும் நீதான் சொன்னாய், இந்தப் பாடத்தையும் நீதான் சொல்கிறாய். முதல் பாடத்தைக் கேட்டதால் அவள் செத்தாள். இரண்டாவது பாடத்தில் அதற்காகத் திட்டு வாங்குகிறாள். பழைய பாடம் தப்பு, சொல்லிக்கொடுத்தவன் நான் என்று ஒரு வரி உன் புத்தகத்தில் உண்டா? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடிவிட்டேன்.

எந்த ஆசாரி? பேரைச் சொல். நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

ஹெல்மி

*

லான்சிங்
ஜூலை 1

ஹெல்மி,

வேலை அதிகம், அதனால் தாமதம். நலம்.

அன்று எங்களுக்கு மேலே இருந்து அனுப்பிய பாடத்தைத்தான் பள்ளியில் சொன்னேன். நாடு முழுக்க அதையேதான் சொன்னார்கள். ஸ்வெட்டரை எடுத்துவிடுகிறேன். "ஒருவர்" என்று போடுகிறேன். அதற்குமேல் மாற்ற முடியாது. மாநிலப் பள்ளிகளுக்காக நாற்பதாயிரம் பிரதி அச்சடிக்கப்போகிறார்கள், டிசம்பரில் அச்சுக்குப் போகிறது. செப்டம்பரில் நம் ஊர்ப் பள்ளிக்கே வகுப்பெடுக்க வருகிறேன். நேரில் பேசலாம்.

துப்பாக்கியை ஒஹாயோவில் ஒரு நண்பருக்குக் கொடுத்து வருஷமாகிறது. ஆரோவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ரூடி

*

கொஸ்கி ஏரி
ஜூலை 12

ரூடி,

சுகம் விசாரிக்க மனசில்லை. இருந்தாலும் அம்மா வளர்த்த வளர்ப்பு, கேட்கிறேன். சுகமா?

மே மாதம் ஆசாரியிடம் இருந்த துப்பாக்கி ஜூலையில் ஒஹாயோவுக்குப் போய், அங்கே வருஷமும் ஆகிவிட்டதா? இருபத்தெட்டு வருஷம் கண்டவனை எல்லாம் விசாரித்தவனுக்கு ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே. ஆரோவிடம் கடிதத்தைக் காட்டினேன். "மாமா ஏம்மா நம்மகிட்டப் பொய் சொல்றாரு?" என்றான். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

உன் இரண்டாம் பாடத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். "துப்பாக்கிச் சத்தத்தை வேறெதோ என்று நினைக்காதே" என்று எழுதியிருக்கிறாய். லான்சிங்காரன் பட்டாசு என்று நினைப்பான். நாம் அப்படியில்லையே. வேட்டை தொடங்க மூன்று நாள் இருக்கும்போது சத்தம் கேட்டால் எவனோ குறி சரி பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இந்த ஊரில் அன்று எல்லாரும் அதையேதான் நினைத்தோம்.

நானும்தான். யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். கூடத்துக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் அந்தக் கொலைகாரன் சுட்ட முதல் மூன்று குண்டும் எனக்கு வீட்டில் கேட்டன. ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "எவனுக்கோ இப்பதான் ஞாபகம் வந்துச்சாம்" என்று ஆரோவிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்தேன் ரூடி. அதற்கப்புறம் ஒன்றரை நிமிஷம் ஆயிற்று அவன் உள்ளே வர. உன் அறிக்கையில்தான் இருக்கிறது. போன் பண்ணியிருந்தால் எடுத்திருப்பாள், என் போனை எப்போதும் எடுப்பாள். இதை வேண்டுமானால் உன் புத்தகத்தில் போட்டுக்கொள், என் பேரையும் சேர்த்துப் போடு.

அறிக்கையை முழுக்க, படங்களோடு அனுப்பச் சொல்லி ஷெரீஃப் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். செத்தவளின் தாய்க்குத் தரமாட்டோம் என்று சொல்ல முடியாதாம். ஒரு விஷயம் என் மண்டையைக் குடைகிறது. அவன் வெறுங்கையோடு நடந்துதான் விருந்துக்கு வந்தான். குடித்துவிட்டுத் தகராறு செய்ததால் வெளியே தள்ளினார்கள். நான்கு நிமிஷத்தில் கையில் துப்பாக்கியோடு நிற்கிறான். நான்கு நிமிஷத்தில் இந்த ஊரில் யாருக்குத் துப்பாக்கி கிடைக்கும்? அவனும் அன்றே செத்தான், கேட்க ஆளில்லை. உன் பதினொரு பாடமும் கூடத்துக்கு உள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. வெளியே நின்ற வண்டிகளைப் பற்றி ஒரு பாடமும் இல்லை.

ஹெல்மி

*

கொஸ்கி ஏரி
ஆகஸ்ட் 27

ரூடி,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. படங்கள் வந்துவிட்டன.

ஐடாவின் படங்களைத் தனி உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள், நல்ல மனுஷர்கள். அதை நான் பிரிக்கவில்லை. துப்பாக்கியின் படம் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. "பழையது. எண் பொறிக்கப்படவில்லை. உரிமையாளர் தெரியவில்லை."

எனக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது வேட்டைக் குடிசைப் படியில் அதைக் கீழே போட்டேன். அதன் மரக்கட்டை விரிசல் விட்டுவிட்டது. அப்பா திட்டவில்லை. மான் தோலை வாராக அறுத்து ஈரத்தோடு சுற்றினார், நுனியை நான் பிடித்துக்கொண்டேன். ஏழு சுற்று. கடைசிச் சுற்றில் என் விரல் சிக்கிக்கொண்டதால் அந்த ஒரு சுற்று மட்டும் கோணலாகப் போனது. படத்தில் ஏழு சுற்று இருக்கிறது. ஏழாவது கோணல்.

என் பெண்ணைக் கொன்றது என் அப்பாவின் துப்பாக்கி. ஒரே கேள்வி கேட்கிறேன். அன்று நீ வண்டியைப் பூட்டினாயா?

ஹெல்மி

*

லான்சிங்
செப்டம்பர் 19

ஹெல்மி,

முதுகுவலியால் பயணம் செய்ய முடியவில்லை. நம் ஊர்ப் பள்ளி வகுப்பை ரத்து செய்துவிட்டேன்.

பழைய துப்பாக்கிகளில் பாதி தோல்வார் சுற்றியதுதான். துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பார்ப்பதெல்லாம் தெரிந்ததாகத் தெரியும், இதை நான் என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல மருத்துவர் ஒருவரிடம் பேசு. செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆரோவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து.

ரூடி

*

கொஸ்கி ஏரி
செப்டம்பர் 24

ரூடி ஹார்யூ அவர்களுக்கு,

மருத்துவரா? எனக்கா? எவ்வளவு திமிர் இருந்தால் இதை எழுதுவாய்! பெண்ணையும் பறிகொடுத்துவிட்டு, கண்ணால் பார்த்ததைச் சொன்னால் பைத்தியக்காரப் பட்டமும் வாங்கவேண்டுமா நான்? இந்த உத்தியை யாரிடம் காட்டுகிறாய்? உனக்கு ஷூ கயிறு கட்டத் தெரியாத காலத்திலிருந்து உன் முகம் எனக்குத் தெரியும் என்று அம்மா சொல்வாளே, எனக்கும் இப்போது அப்படித்தான். கடிதத்திலேயே உன் முகம் தெரிகிறது.

பூட்டவில்லை. நீ சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் எவன் வண்டியைப் பூட்டுவான்? பூட்டினால் பக்கத்து வண்டிக்காரனைத் திருடன் என்று சொன்னது மாதிரி. பூட்டாததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்டுக்கொள். இருந்தாலும் கொஞ்சம்தான். பூட்டாமல் விட்டுவிட்டு, அதை மூட்டை கட்டிவைத்துவிட்டு, செத்தவர்களின் தப்பைப் பொறுக்கியெடுத்துப் பாடம் நடத்துகிறாயே, அதற்குத்தான் என் கோபம். அவர்களுடைய ஒவ்வொரு தப்பும் உன் தப்பை மறைக்கிற ஒரு தட்டி. ஐடாவையும் அந்தத் தட்டியில் ஒன்றாக நிறுத்திவிட்டாய்.

நவம்பர் 11 கூடத்தைத் திறக்கிறார்கள். வேட்டைக்காரர் விருந்து, அதே இடம். நீ வந்து எழுந்து நின்று சொல். வர முடியாவிட்டால் எழுதி அனுப்பு, நான் படிக்கிறேன். இரண்டும் இல்லையென்றால் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எல்லா மேசையிலும் ஒவ்வொன்று வைப்பேன். நாற்பதாயிரம் பிரதி அச்சடிக்கிறவர்களுக்கும் ஒன்று அனுப்புவேன்.

ஆரோவுக்கு நீ சொன்ன வாழ்த்தை நான் சொல்லவில்லை.

ஹெல்மி

*

லான்சிங்
அக்டோபர் 29

ஹெல்மிக்கு,

இந்தக் கடிதத்தை ஆறு முறை எழுதிக் கிழித்தேன். இதை விருந்தில் படி. முழுவதும் படி.

என் வண்டி பூட்டாமல்தான் நின்றது. விருந்து முடிந்ததும் நேராகக் குடிசைக்குப் போகலாம் என்று ரைஃபிளை இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்தேன். தோட்டா நிரப்பி வைத்திருந்தேன். நிரப்பிய துப்பாக்கியை வண்டியில் வைக்காதே என்று எத்தனையோ பேருக்கு அபராதச் சீட்டு எழுதியவன் நான்.

எல்லாம் முடிந்தபின் வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். இருக்கைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. என்கூட வேலை பார்த்தவனே வந்து, "ரூடி, உன் வண்டியில ஏதாச்சும் காணுமா?" என்று கேட்டான். "இல்ல" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான். அதற்குப் பிறகு அந்த "இல்ல"வைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அறிக்கையைப் படித்ததும், நாற்பது பேரிடம் பேசியதும், யாராவது என் வண்டிப் பக்கம் அவனைப் பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் தொடங்கினேன். யாரும் பார்க்கவில்லை. பாடங்கள் அதற்கப்புறம் வந்தவை.

நீ இன்னும் கண்டுபிடிக்காத ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை.

முதல் மூன்று குண்டுச் சத்தம் கேட்டபோது ஐடா எழுந்து நின்றாள். கூடத்தில் எழுந்தவள் அவள் ஒருத்திதான். "மாமா, அது ரொம்பக் கிட்டக் கேக்குது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "உக்காரும்மா, எவனோ குறி சரி பாக்குறான்" என்றேன். எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகத்தான் சொன்னேன். சிரித்தார்கள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று பாதி எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அது என் துப்பாக்கிச் சத்தம், ஹெல்மி. நாற்பது வருஷமாக என் காதருகே கேட்ட சத்தம். அடையாளம் தெரியவில்லை எனக்கு.

ஒன்றரை நிமிஷம் அவள் என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளே வந்ததும் "ஓடு" என்று கத்திவிட்டு ஓடினேன். பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பதினான்கு எட்டு என் காலால் அளந்தது இல்லை, என் கால் ஓடியது.

நேற்று இங்குள்ள ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போய், துப்பாக்கி என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்மேல் வழக்கு வரலாம், வரட்டும். அச்சகத்தாரிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேரில் வரக் கால் வரவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

ரூடி

*

கொஸ்கி ஏரி
நவம்பர் 12

ரூடி,

உன் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன். கேட்கிற நிலையில் நான் இல்லை.

நேற்று படித்தேன். கூடம் நிறைய ஆட்கள். காபி ஊற்றியபிறகு எழுந்து நின்றேன். வண்டி வரைக்கும் நன்றாகத்தான் படித்தேன், குரல்கூட நடுங்கவில்லை. "எழுந்து நின்றாள்" என்ற இடத்துக்குமேல் போக முடியவில்லை. பத்து நாளாக அந்தக் கடிதத்தை வீட்டில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு நாளும் படித்தேன், ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நின்றுபோனேன். எல்மா என் கையிலிருந்து தாளைப் பிடுங்கி மிச்சத்தைப் படித்தாள். சமையல்கட்டில் ஆள் கூப்பிடுகிற குரலில் படித்தாள். அதுதான் நல்லதாகப் போயிற்று.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ரூடி. அறுபதுக்குமேல் பெரிய மனுஷர்கள் இருந்த இடத்தில் என் பெண் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது. முட்டாள் பெண் என்று ஊரெல்லாம் உச்சுக்கொட்ட வைத்தாயே, அவளுக்கு. இதை ஒரு வருஷம் உனக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் சோறு இறங்கியது உனக்கு? இந்த ஜென்மத்தில் உன்னை மன்னிப்பேனா என்று எனக்கே தெரியாது. கேட்காமல் விட்டாயே, அது ஒன்றுதான் நீ செய்த நல்ல காரியம்.

எல்மா படித்து முடித்ததும் நம் ஊர் வெய்னோ எழுந்தான், அவன் வாய் சும்மா இருக்குமா? "ரூடிய மட்டும் ஏன் தொங்க விடுற? அன்னிக்கு வெளிய பதினேழு வண்டி நின்னுச்சு. ஒண்ணாச்சும் பூட்டியிருந்துச்சா? என்னோடதுல ரெண்டு துப்பாக்கி கெடந்துச்சு. அவன் நாலடி தள்ளிப் போயிருந்தா இன்னிக்கு ஹெல்மி எங் கடுதாசியத்தான் படிச்சிருப்பா" என்றான். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாதிப் பேருக்குக் கோபம். "அதுக்காக அண்டை வீட்டான நம்பாம வாழச் சொல்றியா?" என்று ஒருத்தர் கத்தினார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் வெளியே ஒரு குண்டு வெடித்தது.

தூரத்தில்தான். வேட்டைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறதே. ஆரோ எழுந்து நின்றான். முகம் வெளுத்துவிட்டது, ஆனால் நேராக நின்றான். கூடம் முழுக்க அவனையே பார்த்தது. வெய்னோ வாயைத் திறந்தான். "எவனோ குறி" என்று தொடங்கினான், அப்படியே விழுங்கிவிட்டான். பிறகு அவனே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அப்புறம் எல்லாரும். எல்மா சமையலறைக் கதவை அகலத் திறந்து உடம்பால் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவர்களை முன்னால் விட்டு, கோட்டுகூட எடுக்காமல் எல்லாரும் பனியில் இறங்கினோம். ஆரோ என் கையை விடவில்லை.

சரளைக் குழியில் யாரோ குறி சரி பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். பனியில் விறைத்துக்கொண்டு நின்ற எங்களைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பும்போது வெய்னோ சாவியை எடுத்துத் தன் வண்டியைப் பூட்டினான். பிறகு இன்னும் சிலர். நான் நின்று எண்ணினேன். மொத்தம் ஒன்பது. மற்றவர்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள், அவர்களை நான் என்ன செய்ய முடியும்?

ஆரோ இந்த வருஷம் வேட்டைக்குப் போகப்போவதில்லை. அடுத்த வருஷம் போவானா என்று நான் கேட்கவில்லை.

அச்சகத்தார் அந்தப் புத்தகத்தை வேண்டாம் என்று சொன்னால் சரி. வேண்டும் என்று சொன்னால் ஏழாவது பாடத்தைக் கிழித்துப் போடு. அந்த இடத்தில் ஐடா காங்கஸ் என்று முழுப்பேரையும் போட்டு, அவள் எழுந்து நின்றதை எழுது. உட்காரச் சொன்னது யார் என்பதையும் எழுது. அதற்குக் கீழே பாடம் என்று ஒரே வரி போதும்: ஒரு பெண் எழுந்து நின்றால் அவளை உட்காரச் சொல்லாதே, நீயும் எழுந்திரு.

ஹெல்மி